பதினான்கு படி இறங்கிய ஹெல்மெட்

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் இல்லை. வலது கை நடுவிரலின் முட்டி. எதைக் கண்டாலும் அந்த முட்டியால் ஒரு தட்டு. தேங்காய், தண்ணீர்க் குடம், கேன்டீன் தட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களின் டிபன் பாக்ஸ். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகளின் தலையைக்கூடத் தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லா வருது. படிச்சுக்குவா" என்றார். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. இன்றைக்குக் கல்லூரிப் பரீட்சைக்குப் போகும்போதும் ஒருமுறை தானே தட்டிக்கொண்டுதான் கிளம்புகிறாள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மேனேஜர்கூட அக்கா என்றுதான் சொல்வார்.

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. வண்டிகளின் பிரேக்குக்குள் போகிற, கட்டைவிரல் அளவு பிஸ்டன்கள் செய்வோம். நான் பிசிறு எடுக்கும் மேசை. அடுத்தது அக்காவின் இன்ஸ்பெக்‌ஷன் மேசை. நான் பத்தாவது வரை படித்தவள். அரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் கழுத்து வியர்த்துவிடும். வாயில் வார்த்தை வராது. அக்காவுக்கு என்னைவிட நான்கு வயதுதான் கூட. ஆனால் நாற்பது பேர் பார்த்தாலும் கவலைப்படாதவர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பீஸ்களைத் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கன்னடம் கேட்கலாம்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. கீழே விழுந்த பீஸ் சிவப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். கீறல் இருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. விழுந்ததா, பெட்டியில் போடு. பக்கத்தில் தொங்கும் தாளில் எழுது. தேதி, பீஸ், எப்படி விழுந்தது, என்ன பாதிப்பு, பெயர். கடைசிக் கட்டத்தில் அக்கா சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் கையிலிருந்து ஒரு பிஸ்டன் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் துணியில் துடைத்து, ட்ரேயில் மற்றவற்றோடு வைத்துவிட்டேன். அக்கா பார்க்கவில்லைதான். ஆனால் காதில் விழுந்துவிட்டது.

"எது உழுந்துச்சு?" என்றார்.

என் மேசையைச் சுற்றி ஆறு பேர். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொரு பீஸாக லென்ஸில் வைத்துப் பார்த்தார். டீக்கு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, எது என்று தெரியாததால் ட்ரேயை அப்படியே சிவப்புப் பெட்டியில் கவிழ்த்தார். சூப்பர்வைசர் ஓடிவந்து குதித்தார்.

"ஒன்னு உழுந்துச்சு சார். எதுன்னு தெரியல. அதனால எல்லாமே போவுது."

திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை பார்த்தால், சிவப்புப் பெட்டிக்கு மேலே தாளுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "உனக்குத்தான் கட்டி வெச்சிருக்கேன். வாயத் தொறக்க வேணாம். எழுதினாப் போதும்."

இதோடு விட்டிருந்தால் அவரை ஒரு நல்ல இன்ஸ்பெக்டர் என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அக்கா அந்தச் சட்டத்தைக் கம்பெனிக்குள்ளேயே நிறுத்தவில்லை, டூவீலர் ஷெட்டுக்கும் கொண்டுபோனார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் வேப்பமர நிழலில் உட்காருவார்கள். அக்கா ஷெட்டில் நடப்பார். வண்டிக் கண்ணாடிகளில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முட்டியால் தட்டி, உள்ளே இருக்கும் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி, வாரை இழுத்து, எந்த வருஷம் செய்தது என்று உள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வைப்பார். சரியில்லாததின் வாரில் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி. வண்டிக்காரர் வந்ததும் விசாரணை ஆரம்பமாகும். எல்லோருக்கும் ஒரே முதல் கேள்விதான்: "கீழ உழுந்துச்சா?"

சூப்பர்வைசரும் தப்பவில்லை.

"சார், இது எப்ப வாங்கினது?"

"என் கல்யாணத்துக்கு மாமனார் வண்டி குடுத்தாரும்மா, அதோட வந்தது. ஒரு சென்டிமென்ட்."

"உங்க பெரிய பையன் எத்தனாவது?"

"எட்டாவது."

"அவனுக்கு இதுவரைக்கும் எத்தனை செருப்பு மாத்தியிருப்பீங்க? இது மட்டும் அப்படியே இருக்குமா? அமுக்கிப் பாருங்க, பஞ்சு எழும்பவே மாட்டேங்குது. மாமனார் பாசம் தீந்து ரொம்ப நாளாச்சு சார்."

ஷெட்டே சிரித்தது. அடுத்த வாரம் சூப்பர்வைசர் புது ஹெல்மெட்டோடு வந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஜூஜுவாடி தாண்டிக் கர்நாடகப் பக்கம் போனால், போலீசார் பின்னால் உட்காருபவரையும் தலையில் ஒன்றும் இல்லாமல் விடமாட்டார்கள். அதற்காகவே எங்கள் லைன் வீடுகளில் ஆளுக்கொரு பார்டர் தொப்பி இருக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி மெல்லிசாக ஒன்று. பார்டர் வந்ததும் மாட்டுவோம், திரும்பி வந்ததும் கழற்றிப் பையில் போடுவோம். என் கணவரின் தொப்பியை அக்கா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது போலீசுக்குப் போடறது. தலைக்குப் போடறது எங்க?"

அன்று மாலையே என் கணவர் ஒரு முழு ஹெல்மெட் வாங்கினார். அவருக்குப் பெரிய தலை.

அக்காவுடைய வீட்டில் யாருக்காவது அடிபட்டிருக்கும், அதனால்தான் இப்படி என்று கம்பெனியில் பேச்சு. ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன், அடிபட்டாத்தான் கேக்கணுமா?" என்றார் அக்கா. "எங்க வீட்ல எல்லாத் தலையும் நல்லாத்தான் இருக்குது. பிரேக்குக்குப் போற பீஸ இத்தனை தடவ பாக்கறோமே, அந்த பிரேக் புடிக்கலன்னா எதுடி போய் மோதும்? அதையும் யாராச்சும் பாக்கணுமில்ல?"

ஒரு ஆயுத பூஜை மறக்க முடியாதது. பெயின்ட் செக்‌ஷன் பையன்கள் ஆறு பேர் வண்டிகளைக் கழுவியதோடு ஹெல்மெட்டுகளையும் தின்னரால் துடைத்திருந்தார்கள். வெளியே இருந்த பெயின்ட் புள்ளி, உள்ளே இருந்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி மின்னியது. சந்தனம், குங்குமம் வைத்து, வரிசையாக மெஷினுக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். அக்கா ஒன்றை மோந்து பார்த்தார்.

"தின்னரா?"

"ஆமாக்கா. சூப்பரா போவுது!"

அக்கா பேக்கிங்கிலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து, அதன்மேல் தின்னரைக் கொஞ்சம் ஊற்றினார். துண்டு நுரைத்துக் குழிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி காணாமல் போனது.

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறதும் இதான்" என்றார்.

பையன்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். பூசணிக்காயோடு நின்ற பூசாரியும் எட்டிப் பார்த்தார். கற்பூரம் காட்டி முடியும்வரை அக்கா கைகூப்பி நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். "சாமி கும்பிட்டாச்சு. இப்ப அறுக்கலாம்." ஆறு ஹெல்மெட்டின் வாரையும் வரிசையாக அறுத்தார்.

அறுப்பதுதான் அவருக்கு முக்கியம். தூக்கிப் போட்டால் போதாது என்பார். பழைய சாமான் கடைக்குப் போனால் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடியும் விற்பார்கள். "வார் இருந்துச்சுன்னா அது இன்னொரு தலையில போய் உக்காந்துக்கும்."

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு முதல் மாடியில். ஒரு நாள் காலை, ஒரு கையில் பை, ஒரு கையில் குப்பைக் கூடை, முழங்கையில் ஹெல்மெட். பூட்டில் சாவியைத் திருகும்போது ஹெல்மெட் நழுவியது. டொக், டொக், டொக் என்று ஒரு படி விடாமல் இறங்கிக் கீழ்வீட்டுக் கதவில் முட்டி நின்றது. பதினான்கு படி. கீழ்வீட்டம்மா கதவைத் திறந்தார்.

"என்னா ஆச்சும்மா?"

"ஒன்னுமில்லீங்க."

பக்கவாட்டில் ஒரு தேய்ப்பு, அதன் நடுவே மயிர் போல ஒரு கோடு. மகளின் நோட்டிலிருந்து ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம், என் தலைதானே என்று சமாதானம். கம்பெனிக்கு வந்ததும் அக்கா பார்ப்பதற்குள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவேன். பதினைந்து நாள் இப்படியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர டிஸ்பாட்ச் என்று எங்கள் இரண்டு மேசைகளையும் அரை நாள் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் பார்டர் தாண்டி ஆனேக்கல்லில் அக்காவின் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. அவர்கள் வீட்டு வழக்கப்படி நாத்தனார்தான் முதல் வளையல் போட வேண்டும். அக்காவுக்கு ஒரே தம்பி. ஏழு வருஷம் கழித்து வரும் குழந்தை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் போட்டாக வேண்டும். ஒரு மாதமாக அக்கா வேறு பேச்சே பேசவில்லை. ஓசூர்க் கடைவீதியில் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிய கதையைக் கம்பெனி முழுக்கக் கேட்டிருந்தது.

பத்தேகாலுக்கு வேலை முடிந்தது. என் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு; பட்டுச்சேலையில் வளையல் பெட்டியோடு அக்கா ஷெட்டுக்கு வந்தார். அப்போது பக்கத்து பைக்கை யாரோ பின்னால் இழுக்க, ஹேண்டில் இடித்து, அக்காவின் ஹெல்மெட் சிமென்ட் தரையில் விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெதுவாத்தான்க்கா உழுந்துச்சு" என்றார் வாட்ச்மேன்.

"மெதுவா உழுந்தா உழுந்த கணக்குல வராதா?" கத்தரிக்கோல் வெளியே வந்தது. வார் இரண்டு துண்டு.

அப்புறம்தான் ஊருக்குப் போகத் தலையில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. முதலில் சிரித்தது அவரேதான். "சரி, யாருகிட்ட ரெண்டு இருக்குது?"

என்னிடம் இருந்தது. சாயங்காலம் என் கணவரைப் பேருந்து நிலையத்தில் கூட்டிக்கொள்வதற்காக அவருடையதையும் எடுத்து வந்திருந்தேன். அக்கா அதைப் போட்டுத் தலையை ஆட்டினார். ஹெல்மெட் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமும் போனது. "இது கொட கொடங்குது. உன்னோடத குடு." பட்டாம்பூச்சி ஒட்டியதை நீட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வாரை மாட்டுவதற்கு முன் வழக்கம்போலக் கேட்டார்.

"கீழ உழுந்துச்சா?"

வாட்ச்மேன், சூப்பர்வைசர், நாலைந்து பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கழுத்து வியர்த்தது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன்.

தட்டிப் பார்ப்பதற்கு அவருக்கு நேரமில்லை. அதோடு, என்னை நம்பினார்.

என் கணவருடையதை வாரை இறுக்கி நான் மாட்டிக்கொண்டு, அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஹைவேயில் ஏறினேன். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். நான் ஓரமாக இருபத்தைந்திலேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, சாமி ஊர்வலமா போறோம்? மணியப் பாரு!"

வேகமாகப் போக எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டின் பின்னால் வந்து இடித்தது. டொக். கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் டொக். படியில் இறங்கிய அதே சத்தம். ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. ஜூஜுவாடி வந்ததும் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சு, பெட்ரோலா?"

"அக்கா... உழுந்துச்சு."

"எது?"

"நீங்க போட்டிருக்கறது. மாடிப்படியில. பதினாலு படி."

அக்கா இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பட்டாம்பூச்சியை நகத்தால் உரித்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"பதினஞ்சு நாள்."

"தினம் இதப் போட்டுக்கிட்டா வந்த?"

"ம்."

கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் அது இல்லை.

"அக்கா, நீங்க என் வூட்டுக்காரரோடதப் போட்டுக்கோங்க. இத நான் போட்டுக்கறேன். இன்னும் கொஞ்ச தூரந்தானே."

"ஏன், உன் தல என்ன சிவப்புப் பெட்டியா?"

ரோட்டோரத்தில் ஒருவர் கயிற்றில் ஹெல்மெட்டுகளைக் கோத்து விற்றுக்கொண்டிருந்தார். அக்கா அங்கே போனார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் வாங்கப் போனது அக்கா அல்லவா?

"நம்பர் ஒன் மாலுக்கா! லாரி ஏறினாலும் ஒன்னும் ஆகாது!"

"எங்க, ஏத்திக் காட்டு."

ஒன்றைத் தட்டினார், டப்பா சத்தம். இன்னொன்றை இரண்டு பக்கமும் அழுத்தினார், உள்ளே நசுங்கியது. மூன்றாவதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை நகத்தோடு வந்துவிட்டது. ஏழாவதுக்குப் போனபோது வியாபாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்க்கா, நீங்க ஹெல்மெட் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணா இருந்தா ஒரு கொற இருந்தாலும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்யா" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வந்தார். மணி பதினொன்றே கால்.

வண்டியை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினோம். அத்திப்பள்ளியில் இறங்கி ஆனேக்கல் பஸ்ஸுக்கு நின்றோம்; கூட்டம் நிரம்பி வந்தது. அக்கா வளையல் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்றார். யாரிடமும் மணி கேட்கவில்லை. நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. முதல் வளையலை அக்காவின் பெரியப்பா மகள் போட்டு முடித்திருந்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவருடைய அம்மா எழுந்து வந்து தெலுங்கில் கேட்டார்: பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் வரை பார்த்தோமே, ஏன் இவ்வளவு நேரம்? கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலில் அக்காவை, பிறகு பெரிய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற என்னை. கழுத்தில் வியர்வை ஓடியது.

"வண்டி நின்னுபோச்சும்மா" என்றார் அக்கா.

எனக்கு அந்த அளவு தெலுங்கு புரியும். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தம்பி மனைவி கையை நீட்டினாள். அக்கா உட்கார்ந்து, வளையலை நகத்தால் தட்டிப் பார்த்துத்தான் போட்டார். "என்னையும் தட்டிப் பாருங்க அண்ணி" என்று அவள் சிரித்தாள். அக்கா முட்டியை அவள் வயிற்றில் பட்டும் படாமலும் வைத்துக் காதைச் சாய்த்தார். "சத்தம் நல்லா வருது." எல்லோரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த லட்டு அப்படியே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. எலுமிச்சைச் சோற்றில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே போனேன். வாரை வீட்டிலேயே அறுத்திருந்தேன். ஹெல்மெட்டைச் சிவப்புப் பெட்டியில் பிஸ்டன்களின் மேல் வைத்தேன். நூலில் தொங்கிய பேனாவை எடுத்துத் தாளில் எழுதினேன். தேதி: ஞாயிற்றுக்கிழமைத் தேதி. பீஸ்: ஹெல்மெட், ஒன்று. எப்படி விழுந்தது: படியில், பதினான்கு படி. பாதிப்பு: அக்கா முதல் வளையல் போட முடியவில்லை. கீழே என் பெயரையும் எழுதினேன்.

சூப்பர்வைசர்தான் முதலில் பார்த்தார். "யாரும்மா இது? ஹெல்மெட் எப்ப நம்ம கம்பெனி பீஸ் ஆச்சு?"

நாற்பது பேர் திரும்பினார்கள்.

"நான்தான் சார்" என்றேன். சத்தமாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அக்கா வந்து தாளைப் படித்தார். பாதிப்பு என்ற கட்டத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு சிவப்பு மார்க்கரைத் திறந்து, தேதியின் மேல் ஒரு கோடு போட்டார்.

"இது நீ சொன்ன தேதி. உழுந்த தேதியப் போடு."

திருத்தினேன். கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை இருவரும் ஓசூரில் கடைக்குப் போனோம். கடைக்காரர் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். பன்னிரண்டாவது ஹெல்மெட் தேறியது. அதன் உள் துணியில் அக்கா மார்க்கரால் இரண்டு வரி எழுதினார். வாங்கின தேதி என்று எழுதித் தேதி போட்டார். கீழே, உழுந்த தேதி என்று எழுதிக் காலியாக விட்டார்.

இரண்டு வருஷத்தில் அக்கா தம்பி வீட்டுப் பக்கமே குடிபோய்விட்டார். அந்த ஹெல்மெட் ஒரு தடவையும் விழவில்லை. நாலைந்து வருஷத்தில் பஞ்சு அமுங்கிவிட்டதால் நானே வாரை அறுத்தேன். அடுத்து வாங்கியதில் நானே இரண்டு வரி எழுதினேன். போன மாதம் அதில் இரண்டாவது வரி நிரம்பியது. மூக்கண்டப்பள்ளிக் காய்கறிக் கடை முன்னால், எல்லோரும் பார்க்க, கைநழுவிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்தேன். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை, "உழுந்துச்சுக்கா" என்றேன்.

"எத்தனை படி?" என்றார்.